கிளுவையா நீலச்சிறகியா? குளத்தில் பறவை எண்ணுகிறவர்கள் கொஞ்சம் வாருங்கள்

குளத்தங்கரை | நவம்பர் 23, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். சேரன்மகாதேவி பக்கம் எங்கள் ஊர்க் குளத்தில் பறவை எண்ணுவது எனக்கு இது மூன்றாவது குளிர்காலம். (குளத்தின் பெயரை வேண்டுமென்றேதான் போடவில்லை, கேட்காதீர்கள்.) ஞாயிறு காலை ஆறரைக்கு மடையில் ஆரம்பித்து, உபரித் தண்ணீர் வெளியேறுகிற மறுகால் வரைக்கும் கரையிலேயே மெதுவாக நடப்பேன். எட்டு மணிக்குள் கண்ணில் பட்டதை எல்லாம் போனில் உள்ள பறவைப் பட்டியல் ஆப்பில் ஏற்றிவிட்டு, அப்புறம்தான் டீ.

போன வாரம் 300 கிளுவை (குளிர்காலத்துக்கு வலசை வரும் சின்ன வாத்து) என்று போட்டேன். மூன்றே நாளில் பட்டியல்களைச் சரிபார்க்கும் தன்னார்வலர் ஒருவரிடமிருந்து மெயில். இந்த இடத்துக்கு இந்த எண்ணிக்கை ரொம்ப அதிகம், படமோ குறிப்போ இருக்கிறதா, அதே மாதிரி இன்னொரு சின்ன வாத்தான நீலச்சிறகியாக இருக்குமா என்று. மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறார், ஆனாலும் எனக்குச் சுருக்கென்று இருந்தது. கொசுக்கடியில் நிற்கிறது நான், குளத்தை ஒரு நாள்கூடப் பார்க்காத ஒருவர் அது அதுவாக இருக்காது என்று எப்படிச் சொல்லலாம்? போட்டதை எடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

இன்னொரு சந்தேகம். நான் ஆரம்பித்தது 2023 டிசம்பர் வெள்ளம் முடிந்த ஜனவரியில். அப்போது குளத்தில் வாத்தே இல்லை. போன வருஷம் வாத்துக் கூட்டத்தால் குளமே கறுத்துக் கிடந்தது. இந்த வருஷம் நடுவாந்திரம். இதை வைத்துப் பறவை கூடுகிறதா குறைகிறதா என்று ஏதாவது சொல்ல முடியுமா? முடியாது என்றால் நான் எதற்கு எண்ணுகிறேன்?


உப்பளத்தான் | நவம்பர் 23, இரவு 10:15

தம்பி, கோபத்தைக் கொஞ்சம் ஓரமாக வை. நான் தூத்துக்குடிக்காரன், உப்பளத்தில் சேற்றில் இரை தேடும் உள்ளான் பறவைகளோடு மல்லுக்கட்டுகிறவன், வாத்து விஷயத்தில் நானும் ஒரு காலத்தில் நன்றாக உதை வாங்கியிருக்கிறேன்.

எதை வைத்துக் கிளுவை என்று சொன்னாய்? சின்னதாக இருந்தது, பழுப்பாக இருந்தது, அவ்வளவுதானே? நம் பக்கத்துக் குளங்களில் குளிர்காலத்துக்கு வருகிற சின்ன வாத்துக் கூட்டம் என்றால் பெரும்பாலும் நீலச்சிறகிதான். கிளுவை வராது என்று சொல்லவில்லை, 300 வந்தது என்றால் நானும் மெயில் போட்டிருப்பேன்.

முகத்தைப் பார். நீலச்சிறகிக்கு முகம் கோடு போட்ட மாதிரி இருக்கும். கண்ணின் ஊடே ஒரு கரிய கோடு, கன்னத்தில் இன்னொன்று, மூக்கு தொடங்கும் இடத்தில் வெளிறிய ஒரு பொட்டு. மூக்கும் கொஞ்சம் நீளம், சாம்பல் நிறம். கிளுவைப் பெட்டைக்கு முகம் சப்பென்று இருக்கும், வாலின் பக்கவாட்டில் வெளிர் நிறத்தில் ஒரு கீற்று தெரியும். உட்கார்ந்திருக்கும்போதே சிறகில் பச்சை எட்டிப் பார்த்தால் கிளுவை பக்கம் சாய்.


குளத்தங்கரை | நவம்பர் 23, இரவு 10:32

ஆனால் அண்ணே, நீலச்சிறகி ஆணுக்குத்தான் புருவத்தில் பட்டையாக வெள்ளைக் கோடு இருக்குமே? பிறை மாதிரி. புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. நான் பார்த்த 300-இல் ஒன்றுக்குக்கூட அது இல்லை. அதனால்தானே கிளுவை என்று முடிவு செய்தேன்.


உப்பளத்தான் | நவம்பர் 23, இரவு 10:41

அங்கேதான் எல்லோரும் வழுக்கி விழுகிறோம். அக்டோபர் நவம்பரில் வந்து இறங்கும் ஆண் வாத்து கல்யாணக் கோலத்தில் வராது. இறகு உதிர்த்துவிட்டுப் பெட்டை மாதிரி மங்கிய சாயலில்தான் இருக்கும், அதிலும் நீலச்சிறகி ரொம்பச் சோம்பேறி, மற்ற வாத்துகள் எல்லாம் சட்டை மாற்றிய பிறகுதான் இது மாற்றும். ஜனவரி பிப்ரவரி வரை பொறு, உன் குளத்திலேயே வெள்ளைப் புருவம் ஒன்றொன்றாக முளைக்கும்.

அதற்கு முன்னால் தெரியவேண்டும் என்றால் கூட்டம் எழும்புகிற நேரம் பார். ஆணுக்கு மங்கலான கோலத்திலும் சிறகின் முன்பகுதி சாம்பல் கலந்த வெளிர் நீலமாக இருக்கும். பெயரே அதுதானே. ஆனால் நீயாகக் கல்லெறிந்து எழுப்பக் கூடாது, சொல்லிவிட்டேன்.


பாளை வாத்தியார் | நவம்பர் 24, காலை 6:20

அந்த மெயிலை நினைத்து வருத்தப்படும் தம்பிக்கு என் சொந்தக் கதை ஒன்று. நான் உயிரியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். 1990-களில் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு பறவை பார்க்கக் கூந்தன்குளத்துக்கும் விஜயநாராயணத்துக்கும் போவேன். கையில் நாற்பது பக்க நோட்டு. போன மாதம் பரணில் அது கிடைத்தது. ஆசையாகத் திறந்தேன். ஒரு பக்கத்தில் நான் எழுதியிருப்பது இது: "காலை. வெயில். நாரைகள் நிறைய. வெளிநாட்டு வாத்துகள் ஏராளம். பையன்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி."

எந்தத் தேதி என்று இல்லை. எந்த வாத்து என்று இல்லை. நிறைய என்றால் எத்தனை? நாற்பதும் நிறையதான், நாலாயிரமும் நிறையதான். பையன்கள் மகிழ்ந்தது ஒன்றுதான் உறுதி. என்னைக் கேள்வி கேட்டு அன்றைக்கு ஒருவர் ஒரு கடுதாசி போட்டிருந்தால் இன்றைக்கு அந்த நோட்டுக்கு ஏதாவது மதிப்பு இருந்திருக்கும். உங்களிடம் ஒருவர் கேட்கிறார் என்றால் உங்கள் பட்டியலை ஒருவர் படித்திருக்கிறார் என்று அர்த்தம்.

இரண்டாவது சந்தேகம் நல்ல சந்தேகம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. நெல்லை, தூத்துக்குடி இரண்டு மாவட்டத்திலும் எத்தனையோ குளங்கள் உடைந்தன, உடையாதவை கரை ததும்ப நின்றன. நீலச்சிறகி முக்குளித்து இரை தேடும் வாத்து இல்லை. தலையைத் தண்ணீருக்குள் விட்டோ, வால் மேலே நிற்கக் கவிழ்ந்தோ எட்டுகிற ஆழம்தான் அதற்கு மேய்ச்சல். ஆள் முழுகும் தண்ணீரில் அதற்கு என்ன வேலை? சேறு தெரியாத குளத்தில் உள்ளானுக்கு என்ன வேலை? அந்த வருஷம் காடு கழனி எல்லாம் தண்ணீர், பறவை சிதறிப் போயிருக்கும். உங்கள் குளத்தில் இல்லை என்பதற்கும் பறவையே இல்லை என்பதற்கும் தூரம் அதிகம். அதனால்தான் ஒரு குளத்தை வைத்து முடிவு சொல்லாமல் ஒரே சமயத்தில் பல குளங்களில் எண்ணுகிறார்கள். தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் ஜனவரியில் நடக்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு அதற்குத்தான். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987-இலிருந்தே நடக்கிறது, அதுவும் ஜனவரிதான்.

பட்டியல் போடும்போது தண்ணீர் மட்டத்தையும் ஒரு வரி எழுதுங்கள். மடையின் எத்தனையாவது படி தெரிகிறது என்று எழுதினால் போதும்.


லென்ஸ் மாமா | நவம்பர் 24, பிற்பகல் 1:05

எல்லாரும் நல்லாத்தான் பேசுறீங்க, ஆனா ஒரு உண்மையைச் சொல்லட்டுமா, இந்த நாமக்கோழி 600, மடையான் 14, முக்குளிப்பான் 22 என்று வாரா வாரம் எழுதுவதில் என்ன சுவாரசியம் இருக்கிறது? அரிய பறவை வந்தால் எழுதுங்கள், படம் போடுங்கள், நாலு பேர் வந்து பார்ப்பார்கள். போன வருஷம் வரித்தலை வாத்து வந்த இடத்தைக் கடைசி வரை ஒருத்தரும் சொல்லவில்லை. பூட்டி வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்?


தட்டாம்பூச்சி | நவம்பர் 24, மாலை 7:48

லென்ஸ் மாமா, பதில் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. போன ஜனவரியில் நான் கண்ணால் பார்த்தது. ஒரு குளத்தில் நூற்றுக்கு மேல் ஊசிவால் வாத்து உறங்கிக்கொண்டிருந்தது. கேமராவோடு வந்த ஒரு குழு, யார் என்று சொல்லவில்லை, பறக்கிற படம் வேண்டும் என்று ஒரு பையனை விட்டுக் கைதட்டச் சொன்னது. எல்லாம் எழும்பி ஒரு சுற்றுச் சுற்றி இறங்கின. வெளிச்சம் சரியில்லை என்று மறுபடியும். மூன்றாவது தடவை எழும்பியவை அன்றைக்குத் திரும்பி வரவே இல்லை. எங்கேயோ மலை தாண்டி வந்து இளைப்பாறுகிற ஜீவன், அதை இப்படியா உலுக்குவது? குளத்தின் பெயரை ஏன் போடவில்லை என்று கேட்டால் இதுதான் காரணம். வலை போடுகிறவர்களும் படிக்கிறார்கள் என்பது இன்னொரு காரணம். உள்ளான் கறி எங்கே கிடைக்கும் என்று நம் ஊரில் ஆள் ஆளுக்குத் தெரியும்.

சாதாரணப் பறவையை எதற்கு எண்ண வேண்டும் என்கிறீர்கள். வீட்டு முற்றத்தில் சிட்டுக்குருவி சாதாரணமாக இருந்தபோது யாராவது எண்ணி எழுதி வைத்தார்களா? இப்போது குறைந்துவிட்டது என்கிறோம், எவ்வளவு இருந்தது என்று கேட்டால் "அப்போ நிறைய இருந்துச்சு" என்கிறோம். வாத்தியார் ஐயா நோட்டு மாதிரிதான்.


லென்ஸ் மாமா | நவம்பர் 24, இரவு 9:10

கைதட்டினவன் நான் இல்லைம்மா. நான் மறைவில் உட்கார்ந்து எடுக்கிறவன், முதுகுவலியே அதனால்தான். எல்லாரையும் ஒரே கூடையில் போடாதீங்க.

சரி, வீம்புக்குச் சொல்லவில்லை, உங்களுக்கு உபயோகமாக ஒன்று சொல்கிறேன். பெரிய கூட்டம் எழும்பும்போது வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நிற்காமல் தொடர்ச்சியாகப் பத்துப் படம் அடித்துவிடுங்கள். வீட்டில் பெரிய திரையில் போட்டுக் கட்டம் பிரித்து எண்ணலாம். சிறகு நிறமும் படத்தில் தெரிந்துவிடும்.


நாங்குநேரியான் | நவம்பர் 25, காலை 5:50

நான் பறவைக்காரன் இல்லை, விவசாயி. பையன் காட்டினான் என்று படித்தேன். குளம் பறவைக்காக வெட்டினது இல்லை, பாசனத்துக்கு வெட்டினது, அதை மனதில் வைத்துக்கொண்டு பேசினால் எங்களை மாதிரி ஆட்களும் சேர்ந்து வருவோம். பறவை ஆட்கள் வந்தால் கரையில் நிற்கிறார்கள், பார்க்கிறார்கள், போகிறார்கள். மடை உடைந்து கிடக்கிறதே, உள்வாயில் (குளத்துக்குள்ளே தண்ணீர் தேங்குகிற பக்கம்) உடைமரம் அடைத்துக் கிடக்கிறதே என்று ஒருத்தரும் கேட்பது இல்லை.

நீங்கள் பகலில் எண்ணுகிற தாரா எல்லாம் ராத்திரி எங்கே போகிறது தெரியுமா? பிசான நெல் பருவத்துக்கு நாற்று நட்ட வயலுக்கு. சாயங்காலம் வெளிச்சம் போகிற நேரம் தலைக்கு மேலே சீழ்க்கை அடித்துக்கொண்டு போகும். பகலில் குளத்தில் தூங்கும், ராத்திரி வயலில் மேயும். நெல் விதைத்த வயலில் இறங்கினால் நட்டம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் எங்கள் அப்பா காலத்திலிருந்து ஒருத்தரும் அடித்தது கிடையாது. நாரை எச்சம் விழுந்த தண்ணீர் பயிருக்கு நல்லது என்பார்கள்.

தொந்தரவு எங்கே என்றால் மீன்பாசி குத்தகையில், அதாவது குளத்து மீனைப் பிடிக்க விடுகிற குத்தகையில். குத்தகை எடுத்தவர் பணம் போட்டிருக்கிறார், நீர்க்காகமும் கூழைக்கடாவும் மீனைத் தின்கிறது என்று விடியற்காலையில் வெடி போடுகிறார். வெடி போட்டால் மீன் தின்னாத வாத்தும் சேர்ந்துதான் போகிறது. அந்த நாளில் வந்து எண்ணிவிட்டுப் பறவை இல்லை என்று எழுதாதீர்கள், அவ்வளவுதான்.


பாளை வாத்தியார் | நவம்பர் 25, காலை 8:30

நாங்குநேரி அண்ணாச்சி சொன்னது முழுக்கச் சரி. ராத்திரி மேய்ச்சலுக்குப் போகும் என்று நான் பாடத்தில் சொல்லியிருக்கிறேன், ஆனால் கண்ணால் பார்த்தது நீங்கள்தான். சீழ்க்கை அடித்துப் போவது சீழ்க்கைச் சிறகி, அது இங்கேயே இருக்கிற வாத்து. நீலச்சிறகியும் ராத்திரி வயலுக்குப் போகும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வருஷா வருஷம் ஜனவரியில் செய்தி வரும், "ஆஸ்திரேலியா, சைபீரியாவிலிருந்து வெளிநாட்டுப் பறவைகள் குவிந்தன" என்று. படம் என்னவென்றால் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும். இரண்டும் நம் நாட்டுப் பறவைகள், கூந்தன்குளத்தில் ஊருக்குள் இருக்கும் மரத்திலேயே கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பவை. டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் கோடை, அங்கிருந்து ஒரு பறவை எதற்காகக் குளிருக்குப் பயந்து இங்கே வர வேண்டும்? மாணவர்களிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்டால் போதும், பிடித்துக்கொள்வார்கள். உண்மையான தூரத்து விருந்தாளி வேண்டும் என்றால் வரித்தலை வாத்து இருக்கிறது, இமயமலையைத் தாண்டி வருகிறது. மங்கோலியாவில் கழுத்துப்பட்டை மாட்டி விட்டவற்றை மைசூர் பக்கம் ஹதினாரு ஏரியில் பார்த்திருக்கிறார்கள். பட்டையில் உள்ள எழுத்தைக் கரையில் நின்ற ஒருவர் படித்துக் குறித்ததால்தான் அந்தப் பயணமே தெரிய வந்தது.


குளத்தங்கரை | நவம்பர் 30, காலை 10:25

இன்றைக்குப் போய் முகத்தைப் பார்த்தேன். உப்பளத்தான் அண்ணே, கோடு இருக்கிற மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. தூரம் 150 மீட்டருக்கு மேல். பாதி வாத்து மூக்கை முதுகில் சொருகிக்கொண்டு தூங்குகிறது. எண்ணிக்கையும் குழப்பம். ஒரு தடவை 260 வருகிறது, திருப்பி எண்ணினால் 340. நாமக்கோழி அதைவிட மோசம், நான் எண்ண எண்ண அது நீந்துகிறது. எண் தெரியாவிட்டால் வெறும் "எக்ஸ்" போடலாமா?


உப்பளத்தான் | நவம்பர் 30, காலை 11:02

எக்ஸ் போடாதே. எக்ஸ் என்றால் இருந்தது என்று மட்டும்தான் அர்த்தம், ஒன்றும் எக்ஸ்தான் ஆயிரமும் எக்ஸ்தான். 260, 340 என்று வந்தால் 300 என்று எழுது, குறிப்பில் இரண்டு தடவை எண்ணியது இப்படி வந்தது என்று சேர்த்துக்கொள். மதிப்பீடு தப்பே இல்லை. ஒரு பத்து வாத்து எவ்வளவு இடம் அடைக்கிறது என்று கண்ணில் வாங்கிக்கொண்டு, அந்தப் பத்தைத் தூக்கி அடுத்தடுத்து வைத்துக்கொண்டே போ. ரொம்பப் பெரிய கூட்டம் என்றால் ஐம்பது ஐம்பதாக. நீந்துகிற கூட்டத்தை அது போகிற திசைக்கு எதிர்த் திசையில் எண்ணு, அதோடு சேர்ந்து போகாதே.

வீட்டில் பழகு. தாம்பாளத்தில் கறுப்பு உளுந்து ஒரு கை அள்ளிப் போட்டு, ஐந்து விநாடி பார்த்து எண் சொல்லு, அப்புறம் எண்ணிப் பார். முதல் வாரம் எல்லோரும் குறைத்துத்தான் சொல்வார்கள், பெரிய கூட்டம் என்றால் மனசு தானாகக் குறைத்துவிடும். என் வீட்டில் நான் நாமக்கோழி எண்ணுகிறேன் என்று மனைவி அந்த உளுந்தை எடுத்து ஊறப் போட்டுவிட்டாள், அது வேறு கதை.


தட்டாம்பூச்சி | நவம்பர் 30, பகல் 12:40

தம்பி காலையில் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள்? உள்வாய்ப் பக்கம் போகாதீர்கள். நம் ஊர் நிலம் கிழக்கே சரிகிறது, அதனால் பெரும்பாலான குளத்துக்குக் கரை கிழக்கே இருக்கும், கரைமேல் நின்றால் காலை வெயில் முதுகில் விழும், பறவை மேல் முழு வெளிச்சம். சாயங்காலம் அதே இடத்தில் நின்றால் எல்லா வாத்தும் கரிக்கட்டைதான்.

பறவை எண்ணி முடித்த பிறகு கரையிலேயே ஒரு கால் மணி நேரம் தும்பி பாருங்களேன், கெஞ்சிக் கேட்கிறேன். மழை முடிகிற நாளில் புல்வெளி மேலே மஞ்சளும் சிவப்பும் கலந்த நிறத்தில் கூட்டமாகச் சுற்றுமே, உட்காரவே உட்காராதே, அந்தத் தட்டான் இங்கிருந்து மாலத்தீவு வழியாகக் கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா வரை போகிறது. அக்டோபரில் மாலத்தீவில் வந்து இறங்குவதை வருஷக்கணக்கில் தேதி போட்டு எழுதி வைத்த ஒருவரால்தான் அது தெரிய வந்தது. விரல் நீளம்கூட இல்லாத பூச்சி! அப்புறம் ஆற்றை ஒட்டிய குளம் என்றால் பாறை மேல் மீன் செதில் கலந்த எச்சம் கிடக்கிறதா பாருங்கள். தாமிரபரணியில் நீர்நாய் இருக்கிறது, ஆளைப் பார்ப்பது கஷ்டம், எச்சத்தைப் படம் எடுத்தாலே பதிவுதான்.


லென்ஸ் மாமா | டிசம்பர் 7, மாலை 6:30

ஒத்துக்கொள்கிறேன். இன்றைக்கு முதல் தடவையாக முழுப் பட்டியல் போட்டேன். நெல்லை டவுன் நயினார்குளம், கால் மணி நேரம், 31 வகை. நான் இத்தனை வருஷம் அந்த வழியாக பைக்கில் போகிறேன், அங்கே நின்றதே இல்லை. "அடையாளம் தெரிந்த எல்லாவற்றையும் எழுதிவிட்டீர்களா" என்று ஆப் கேட்கிறதே, அது எதற்கு?


பாளை வாத்தியார் | டிசம்பர் 7, இரவு 8:15

அதுதான் முக்கியமான கேள்வி. நீங்கள் ஆம் என்று சொன்னால், நீங்கள் எழுதாத பறவை அன்றைக்கு உங்கள் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். நூறு பட்டியலில் எத்தனையில் மடையான் வருகிறது என்று கணக்குப் போடுவது இப்படித்தான். அரிய பறவை மட்டும் எழுதினால் இந்தக் கணக்கே ஓடாது. 2023-இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களைப் பற்றிப் பேசுகிறது என்றால், பின்னால் இருப்பது இ-பேர்டு என்ற பறவைப் பதிவுத் தளத்தில் சாதாரண ஆட்கள் போட்ட 3 கோடிப் பதிவுகள். வலசை வரும் வாத்துகளும் கரைப்பறவைகளும் சரிகின்றன என்று அதில்தான் சொன்னார்கள். லென்ஸ் மாமா, உங்கள் மடையானும் இனி அந்த வரிசையில் உண்டு.


குளத்தங்கரை | ஜனவரி 18, இரவு 8:50

பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பின் கடைசி நாள் இன்று. 2015-இலிருந்து நடக்கிறதாம், நான் கலந்துகொண்டது இதுதான் முதல் தடவை. உப்பளத்தான் அண்ணன் ஸ்கோப்பை (தூரத்துப் பறவை பார்க்கிற தொலைநோக்கி) தூக்கிக்கொண்டு தூத்துக்குடியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். கரை ஏறும்போது பனி மூடிக் கிடந்தது, தண்ணீர் தெரியவில்லை, நாமக்கோழி சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. மடையில் மூன்று படி தெரிகிறது, எழுதிக்கொண்டேன்.

ஏழே காலுக்குப் பனி விலகியது. வாத்து எல்லாம் வழக்கம்போலத் தூக்கம். அண்ணன் ஸ்கோப்பில் வைத்து "வா, பார்" என்றார். பழுப்புக் கூட்டத்துக்கு நடுவில் ஒரு தலை, புருவம் வெள்ளையாக, சுண்ணாம்பில் விரலைத் தொட்டு இழுத்த மாதிரி. பக்கத்தில் இன்னொன்று, அதற்குப் பாதிதான் வெள்ளை வந்திருந்தது, அழுக்காகத் திட்டுத்திட்டாக. இரண்டு மாதம் முன்னால் இதே வாத்தைத்தான் நான் கிளுவை என்று எழுதியிருக்கிறேன்.

அப்புறம் மேற்கே நாணல் பக்கமிருந்து ஒரு சேற்றுப் பூனைப்பருந்து வந்தது. சிறகைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தண்ணீரைத் தொடுகிற மாதிரித் தாழ்வாக, ஒரு அவசரமும் இல்லாமல். நாமக்கோழி எல்லாம் நீந்தி ஒரே கறுப்புப் பந்தாகச் சேர்ந்துகொண்டது. வாத்துகள் ஒரு நொடி கழுத்தை நிமிர்த்தின, அடுத்த நொடி மொத்தமும் மேலே. வெயில் எங்கள் முதுகில், கூட்டம் எங்களுக்கு நேரே திரும்பியது, அப்போது பார்த்தேன் அந்த நீலத்தை. நீலம் என்றுகூடச் சொல்ல முடியாது, வெளுத்த சாம்பல், பழைய பள்ளிக்கூடச் சட்டை நிறம். லென்ஸ் மாமா சொன்ன மாதிரி வாயைப் பிளக்காமல் 14 படம் அடித்தேன். (வாயும் திறந்துதான் இருந்தது என்று அண்ணன் சொல்கிறார்.)

வீட்டில் கட்டம் போட்டு எண்ணியதில் 387. கரையில் நான் சொன்னது 280. உளுந்து இன்னும் எண்ண வேண்டும் போல.

நவம்பரில் மெயில் போட்டவருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதிவிட்டேன். நவம்பர் பட்டியலை நீலச்சிறகி என்று மாற்றினேன், அதே கூட்டம், அதே இடம். ஆனால் போன வருஷப் பட்டியல்களை என்ன செய்வது என்று குழம்பிப் போனேன். அவையும் நீலச்சிறகியாகத்தான் இருக்கும் என்று மனசு சொல்கிறது, ஆனால் படம் இல்லை, முகம் பார்த்த ஞாபகமும் இல்லை.


பாளை வாத்தியார் | ஜனவரி 18, இரவு 9:20

மனசு சொல்வதை எழுதாதீர்கள். "வாத்து, இனம் தெரியவில்லை" என்று மாற்றுங்கள், எண்ணிக்கையை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஆப்பில் இடம் இருக்கிறது. அது தோல்வி இல்லை, எவ்வளவு பார்த்தோமோ அவ்வளவு. என் நோட்டில் அந்த அளவுக்குக்கூட இல்லை.


நாங்குநேரியான் | ஜனவரி 19, காலை 5:30

387-ஆ. ராத்திரி எந்த வயலில் இறங்குகிறது என்று யாராவது பார்த்தீர்களா? பிப்ரவரியில் அறுவடைக்கு முன்னால் வாருங்கள், நான் கூட்டிப் போகிறேன். டார்ச் அடிக்கக் கூடாது, பாம்பு இருக்கும், காலுக்கு பூட்ஸ் போட்டு வரவும்.


குளத்தங்கரை | ஜனவரி 19, இரவு 10:05

கண்டிப்பாக வருகிறேன் அண்ணாச்சி.

அப்புறம் ஒரு விஷயம். அந்த 14 படத்தையும் இன்றைக்கு மறுபடி பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது படத்தில், இடது ஓரத்தில் ஒரு வாத்து மட்டும் ஒட்டாமல் இருக்கிறது. முகத்தில் கோடு இல்லை, சிறகின் முன்பக்கம் நீலம் இல்லை, பழுப்புதான், நடுவில் பச்சைப் பட்டை, அதற்கு முன்னால் அகலமாக வெள்ளை. உப்பளத்தான் அண்ணனுக்கு அனுப்பினேன். அரை மணி நேரம் பதில் இல்லை, அப்புறம் போனே பண்ணிவிட்டார். கிளுவைதான். 386-க்கு நடுவில் ஒன்றே ஒன்று. பட்டியலைத் திருத்திவிட்டேன்.


உப்பளத்தான் | ஜனவரி 19, இரவு 10:11

படத்தை ரெடியாக வை தம்பி. கேட்பார்கள்.


குளத்தங்கரை | ஜனவரி 21, காலை 7:02

மெயில் வந்தாச்சு.